பேட்டரியைக் குடித்தது யார்?

2012-ஆம் ஆண்டின் பிற்பகுதி. மின்வெட்டு அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டிருந்த காலம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்து நிறுத்தினார்கள். சோழவந்தான் பக்கத்து ஊர்களில் ஒரு நாளில் பாதிப்பொழுது மின்சாரம் இருந்தால் அதுவே பெரிது. என்னிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவள், தன் ஆய்வுக்காக அப்பத்தாவிடமும் தெருப் பெண்களிடமும் கேட்டு, தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டுமாக நாற்பத்து மூன்று பாடல்களைச் சேகரித்திருந்தாள். அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்றில் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அந்தக் கணினியில் விண்டோசும் லினக்சும் அருகருகே இருந்தன. தமிழ் விசைப்பலகை லினக்சில்தான் ஒழுங்காக அமைந்திருந்தது என்பதால் அவள் வேலை முழுவதும் அந்தப் பக்கத்திலேயே நடந்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்து வந்து நின்றாள். "ஐயா, லினக்ஸ்ல போட்டா ஒன்றரை மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது. ராத்திரி கரண்ட் போனா எழுதவே முடியல" என்றாள். மதுரையில் ஒரு கடையில் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்: "லினக்ஸ் பேட்டரியைக் குடிக்கும். அதை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் வச்சுத் தர்றேன்." அவள் கடையிலிருந்தபடியே எனக்குத் தொலைபேசினாள். "தெரிஞ்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எடுத்துரச் சொல்லும்மா" என்றேன் நான்.

மாலையில் கணினி திரும்பி வந்தது. பாடல்கள் வரவில்லை. விண்டோஸ் தன் பக்கத்திலிருந்து பார்த்தால் லினக்ஸ் இருக்கும் பகுதியில் என்ன கோப்புகள் உள்ளன என்று காட்டாது. அது பெயரற்ற ஓர் இடமாகத் தெரியும். அந்த இடம் அழிக்கப்பட்டு விண்டோசுடன் சேர்க்கப்பட்டிருந்தது. கைக்குறிப்பேட்டிலிருந்து பதினேழு பாடல்களை மீட்டோம். அப்பத்தா சிலவற்றை மறுபடி பாடினார். ஆனால் முன்பு பாடியவை போல் அவை அமையவில்லை. இதில் என் நெஞ்சை இன்றும் அறுப்பது வேறொன்று. விண்டோஸ் மட்டுமே இருந்த அந்தக் கணினி, அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. குற்றவாளி லினக்ஸ் அன்று, பேட்டரி கிழடாகிவிட்டிருந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கதையை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் சொந்த மடிக்கணினி அதே குற்றச்சாட்டுக்கு ஆளானது. மதுரையில் பழையதாக வாங்கியது. லினக்ஸ் மட்டும் நிறுவியிருந்தேன். இரவில் மூடி வைப்பேன். காலையில் திறந்தால் பேட்டரி பெருமளவு இறங்கியிருக்கும். சில நாள் காலை ரயிலில் மதுரைக்குப் போய் இறங்கும்போது பைக்குள் இருக்கும் கணினி, இட்லிச்சட்டி போலச் சூடாக இருக்கும். பழுது பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டவுடன் சொன்னார்: "லினக்ஸ்னாலே அப்படித்தான் சார்." அதே சொல். இம்முறை நான் தலையாட்டவில்லை. தெரியாத நூலொன்றை வாசிப்பதுபோல இதை வாசித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன கைவரும் என்று கேட்கலாம். எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முறை ஒன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார். பொருள் விளங்காத இடத்தில் உடனே திருத்திவிடுவது பதிப்பாசிரியன் வேலையன்று. முதலில் எது எங்கே வேறுபடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும், பிறகு காரணம் தேட வேண்டும், திருத்தம் கடைசியில்தான். கணினிப் பழுதுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும் என்பதை அனுபவத்தில் கண்டேன். கடைக்காரர்கள் செய்வது திருத்தம். செய்யத் தவறுவது ஒப்பீடு.

முதல் கேள்வி: பேட்டரியே எவ்வளவு மிச்சம்? லினக்ஸ் இதை ஒளிப்பதில்லை. புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு மின்னாற்றலைத் தாங்கும்படி செய்யப்பட்டது, இன்று முழுமையாக ஏற்றினால் எவ்வளவு தாங்குகிறது என்ற இரண்டு எண்களையும், பேட்டரி தருகிற கணக்கின்படி, எளிய கட்டளை ஒன்றிலேயே காட்டிவிடும். என் கணினியில் முதல் எண் 45 வாட்மணி; இரண்டாவது 27. ஆக, நூறு விழுக்காடு என்று திரையில் காண்பது உண்மையில் பழைய அறுபதுதான். வயதால் வந்த இந்த இழப்பை எந்த இயங்குதளமும் மாற்றித் தராது. 2012-இல் இந்த இரண்டு எண்களையும் யாராவது பார்த்திருந்தால் அந்த மாணவியின் பாடல்கள் பிழைத்திருக்கும்.

இரண்டாம் கேள்வி: எப்போது இறங்குகிறது? வேலை செய்யும்போதா, மூடி வைத்திருக்கும்போதா? இரண்டும் வெவ்வேறு நோய்கள். சில இரவுகள் மூடுமுன்பும் திறந்தவுடனும் அளவைக் குறித்து வைத்தேன். ஒன்பது மணி நேரத்தில் நாற்பது விழுக்காடு. 27-இல் நாற்பது விழுக்காடு என்றால் ஏறத்தாழ 10.8 வாட்மணி, ஒன்பதால் வகுத்தால் 1.2 வாட். தூங்குகிற கணினிக்கு இது அதிகம். அதாவது அது தூங்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தது.

இங்கே சற்று விளக்க வேண்டும். மடிக்கணினியின் உறக்கத்தில் வகைகள் உண்டு. ஒன்று ஆழ்ந்த உறக்கம்: நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும், மற்றவை அணைந்துவிடும். மற்றொன்று மெல்லுறக்கம்: செயலி வேலை இல்லாமல் சும்மா இருக்கும், ஆனால் உறுப்புகள் அரைவிழிப்பில் இருக்கும். கைப்பேசி போல உடனே விழித்தெழட்டும் என்று அண்மை ஆண்டுகளில் பல தயாரிப்பாளர்கள் இரண்டாவது வகையையே விரும்புகிறார்கள். லினக்சில் 'சிஸ்' என்ற கோப்பகத்துக்குள் 'பவர்' என்பதன் கீழே 'மெம் ஸ்லீப்' என்றொரு சிறு கோப்பு உண்டு. அதைத் திறந்தால் 'எஸ் டூ ஐடில்', 'டீப்' என இரண்டு சொற்கள் இருக்கும். எது சதுர அடைப்புக்குள் உள்ளதோ அதுவே நடப்பில் இருப்பது. என் கணினியில் முதலாவதுதான் அடைப்புக்குள் இருந்தது. அது மெல்லுறக்கத்தின் பெயர். இரண்டாவதுக்கு மாற்றினேன். மறுநாள் காலை இழப்பு ஏழு விழுக்காடு. கணினியை மறுபடி தொடங்கினால் இந்த மாற்றம் மறைந்துவிடும் என்பதால், தொடக்கக் கட்டளையிலேயே அதை எழுதி வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் ரயிலில் சூடாவது நிற்கவில்லை. இதற்குக் கணினி தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பைப் பார்த்தேன். சமயநல்லூருக்கும் கூடல்நகருக்கும் இடையிலான அந்தச் சிறு பயணத்தில் அது பலமுறை விழித்து, மூடி சாத்தியிருப்பதைக் கண்டு மறுபடி தூங்கப் போயிருந்தது. காரணம் சிரிப்பை வரவழைத்தது. கம்பியில்லா மவுசின் சிறு வாங்கியைக் கணினியிலேயே செருகி விட்டிருந்தேன்; மவுஸ் அதே பையில் கிடந்து, ரயில் குலுங்கும்போதெல்லாம் அசைந்து, எசமானைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. வாங்கியைப் பிடுங்கி வைத்ததும் சூடு நின்றது. லினக்ஸ் குடித்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரியில் ஒரு பங்கைக் காலம் குடித்தது. ஒரு பங்கைப் பொருந்தாத ஓர் அமைப்பு குடித்தது. மீதியை ஒரு மவுஸ் குடித்தது.

லினக்சில் குறையே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. குறை இருந்திருக்கிறது; அதை மறைப்பது பக்தர்களின் வேலை. மடிக்கணினியின் மின் மேலாண்மைக்கு அடிப்படையான ஏ.சி.பி.ஐ. என்ற பொது வரையறையை 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்டன. வரையறை பொதுவானதுதான். ஆனால் கணினியை விற்பவர்கள் பெரும்பாலும் விண்டோசில்தான் சோதித்துப் பார்த்து அனுப்புகிறார்கள். கணினியின் அடிநிலை மென்பொருள் தவறான தகவலைத் தந்தாலும் விண்டோசில் ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தவறான தகவலை நம்பிய லினக்ஸ்தான் அடி வாங்குகிறது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 2011-இல் நடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்த லினக்சின் 2.6.38 என்ற கருநிரல் பதிப்பில் பல மடிக்கணினிகள் முன்னைவிட மிகுதியாக மின்சாரம் செலவிட்டன. சோதனைகளில் தெரியவந்த இந்தக் குறைக்கு உலகெங்கும் பலர் காரணம் தேடினார்கள். உள்ளுறுப்புகளை இணைக்கும் பாதைகளில் மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரு வசதியை, அடிநிலை மென்பொருளின் சொல்லை அப்படியே நம்பி, லினக்ஸ் அணைத்துவிட்டதே முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. விண்டோஸ் அவ்விடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்து மாத்யூ காரெட் என்ற நிரலாளர் எழுதிய திருத்தம், 2012 மார்ச்சில் வெளியான 3.3 பதிப்பில் சேர்ந்தது. ஒரு பிழைக்கு ஏறத்தாழ ஓராண்டு. ஆனால் பிழை பொதுவில் இருந்தது; ஆய்வும் பொதுவில் நடந்தது; திருத்தம் எல்லார்க்கும் கிடைத்தது. 2007-இல் இன்டெல் வெளியிட்ட 'பவர்டாப்' என்ற கருவியும் அப்படித்தான். எந்த நிரல் செயலியை நொடிக்கு எத்தனை முறை எழுப்புகிறது என்று பட்டியலிட்டு அது காட்டத் தொடங்கியதும், வீணாக எழுப்பிக்கொண்டிருந்த பல நிரல்கள் திருத்தப்பட்டன. கண்ணுக்குத் தெரியாதவரை வெறும் வசையாக இருந்தது, கண்ணுக்குத் தெரிந்ததும் வேலையாக மாறியது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' என்ற லினக்சும் சேர்த்தே தரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. தமிழ் முகப்பு கொண்டது. உலகில் இத்தனை பெரிய எண்ணிக்கையில் மாணவர் வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்த நிகழ்ச்சிகள் மிகச் சில. அதுவும் எப்போது? மாவட்டங்களில் மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தபோது. ஒரு மடிக்கணினியின் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது, இரவில் ஒரு பிள்ளை படிக்குமா படிக்காதா என்பதைத் தீர்மானித்த காலத்தில்.

பொருளைக் கொடுத்தோம். பொருளைப் புரிந்துகொள்ளும் மொழியைக் கொடுத்தோமா என்பதே என் கேள்வி. எனக்குத் தெரிந்த மாணவர்களுள் பெரும்பாலோர் அந்த இரண்டாவது இயங்குதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விட்டவர்கள். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பாடத்தின் அடிப்படையாயிற்று. ஆசிரியர்கள் அதிலேயே பயிற்சி பெற்றார்கள். மலையாள வழியில் படிக்கும் பிள்ளைக்கு மலையாளத்திலேயே கணினிப் பாடநூல் இருக்கிறது. அந்தப் பணியை நடத்திய அமைப்பு 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகவும் ஆனது. அங்கே பழுதே வருவதில்லை என்பதல்ல. பழுது வந்தால் கேட்பதற்குப் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் இருக்க வாய்ப்புண்டு என்பதுதான் வேறுபாடு. நம் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு இருந்தது கடை. கடைக்குத் தெரிந்தது அழித்து எழுதுவது.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நன்றி கொன்றதாகும். 2012 முதல் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. தன்னார்வலர்கள் உறக்கத்தை விட்டு மென்பொருள்களைத் தமிழாக்கியிருக்கிறார்கள். என் குறை அவர்கள்மேல் அன்று. என் போன்ற தமிழாசிரியர்கள்மேல். கணினித் தமிழ் என்று கருத்தரங்கம் கூட்டுகிறோம். எழுத்துரு, சொற்பிழை திருத்தி, இயந்திர மொழிபெயர்ப்பு என்று கட்டுரை வாசிக்கிறோம். ஆனால் 'மூடி வைத்த கணினி காலையில் அணைந்து கிடந்தால் என்ன பார்க்க வேண்டும்' என்பதை இரண்டு பக்கத்தில் தெளிந்த தமிழில் எழுத நாங்கள் முயன்றதில்லை. அது இலக்கியத்துக்குக் கீழான வேலை என்று எங்களுக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல்கள் நாற்பத்து மூன்றையும் காக்கத் தவறியது அந்த எண்ணம்தான்.

சொல் பற்றியும் ஒரு வார்த்தை. இக்கட்டுரையில் நான் 'பேட்டரி' என்றே எழுதுகிறேன். 'மின்கலம்' எனக்குத் தெரியாததால் அன்று. கடையில் போய் "மின்கலம் பழுது" என்று சொல்லும் மாணவியை விசித்திரமாகப் பார்ப்பார்கள். அவளும் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். கலைச்சொல்லாக்கம் வேண்டும், நான் எதிரியல்லேன். 'உறக்கம்', 'விழிப்பு' போன்ற சொற்கள் இந்தத் துறைக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்பதை மேலே பார்த்தீர்கள். ஆனால் சார்ஜர், மவுஸ், ஃபார்மட் என்று நாவில் வாழும் சொற்களைத் துரத்திவிட்டுத்தான் தமிழில் தொழில்நுட்பம் எழுத வேண்டும் என்றால், எழுதுகிறவனும் படிக்கிறவனும் இல்லாமல் அகராதி மட்டும் மிஞ்சும். தமிழின் பெருமை சொற்பட்டியலில் மட்டும் இல்லை. ஒரு காரணத்தை அடுத்த காரணத்தோடு ஐயமின்றிக் கோத்துச் சொல்லும் உரைநடையிலும் இருக்கிறது. பழுது நீக்கும் குறிப்பு எழுதுவது அந்த உரைநடைக்குக் கடுமையான தேர்வு. ஒரு படி தவறினால் படிப்பவரின் கணினி நின்றுவிடும்.

'இதற்கெல்லாம் இன்று காணொளி உண்டு, செயற்கை நுண்ணறிவு உண்டு. கேட்டால் சொல்லிவிடும்' என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்டு. நானும் கேட்டுப் பார்த்தேன். பயனுள்ள விடைகள் கிடைத்தன. ஆனால் அந்த இயந்திரங்கள் கற்றது மனிதர் எழுதி வைத்ததிலிருந்துதான். எந்த மொழியில் எழுதிக் குவித்தார்களோ அந்த மொழியில் அவை துணிவாகவும் நுணுக்கமாகவும் பேசுகின்றன. தமிழில் கேட்டால் பல நேரம் பொதுப்புத்தியோடு நின்றுவிடுகின்றன. நாம் எழுதாததை எந்த இயந்திரமும் நம் சார்பில் அறிந்திருக்காது. தவிர, விடை வாங்குவது வேறு, விசாரிக்கக் கற்பது வேறு. ஒரே நேரத்தில் மின்சேமிப்புக் கருவிகள் இரண்டை நிறுவிவிட்டு, ஒன்று சொல்வதை மற்றொன்று மாற்றிக்கொண்டிருக்க, 'எதுவும் பயனில்லை' என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளிக்கு ஒரே வேளையில் இரண்டு வைத்தியர் மருந்து கொடுத்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று யார் சொல்வது? ஒரு மாற்றம், ஓர் இரவு, ஓர் அளவு. இந்தப் பொறுமையைக் கற்றுத் தருவது கல்வியின் வேலை.

எல்லாரும் லினக்ஸ் பயன்படுத்த வேண்டும் என்பதும் என் கட்சியன்று. வாங்கியபடியே வைத்துக்கொண்டால் விண்டோசில் உறக்கமும் பேட்டரியும் பல கணினிகளில் சிக்கலின்றி அமைந்துவிடுகின்றன. அதற்காகவே சோதிக்கப்பட்டவை அவை. லினக்சில் நாமாகச் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிய கணினிகள் பலவற்றில் நான் மாற்றிய அந்த ஆழ்ந்த உறக்கமே கிடையாது. அங்கே வேறு வழி தேட வேண்டும். ஆனால் பார்க்க விரும்புபவருக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது. எத்தனை விழுக்காட்டோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்த வேண்டும் என்பதைக்கூட, கணினி இடம் தந்தால், ஓர் எண்ணாக எழுதி வைக்கலாம். எந்நேரமும் மின்னிணைப்பிலேயே கிடக்கும் கணினியில் எண்பதோடு நிறுத்தினால் பேட்டரி மெல்ல மூப்படையும். திறந்து கிடக்கும் ஏட்டை வாசிக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

2025 மார்ச்சில் தாக்கலான நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தது. கொடுப்பதை இலவசம் என்று இகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நல்ல தமிழில் எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் அதைச் சொல்லித் தர ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். அந்த ஆசிரியர் கணினித் துறையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. எழுதித் தருவதற்குக் கடமையும் உண்டு.

நான் என் பங்குக்குத் தொடங்கிவிட்டேன். எட்டுப் பக்கத்தில் இப்போது மூன்று முடிந்திருக்கிறது. அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியை. முதல் வரைவை அவளுக்கு அனுப்பி, பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்டிருந்தேன். நான் பேட்டரியின் வயதைப் பார்ப்பதிலிருந்து தொடங்கியிருந்தேன். அவள் திருத்தி அனுப்பிய படியில் அதற்கும் மேலே, முதல் வரியாக, வேறொன்று எழுதப்பட்டிருந்தது: எதைத் தொடும் முன்பும் உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். அந்த வரியை நான் மாற்றவில்லை.